வாசலுக்கு வராத வார்த்தை

அத்தியாயம் 11

"உன்னக் கொன்னுருவேன் மச்சான்!"

மேடையில் நின்று ஆகிப் கத்தினான். மண்டபத்தின் மறுகோடியில், வாசல் நிலைப்படியில் தோளைச் சாய்த்து நின்ற கிருஷ்ணம்மாளின் காதில் ஒவ்வொரு எழுத்தும் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக வந்து விழுந்தது.

"கேட்டுச்சா மேடம்?"

"கேட்டுச்சு."

"இன்னொரு தடவை?"

"போதும்டா."

"நீங்க போதும்ங்குறீங்க. வெளியில ரோட்டுல போற லப்பைக்குடிக்காட்டு ஆளுங்க, ஆகிப் சவூதியிலேருந்து வந்து மூளை கலங்கிட்டான்னு எம்பொண்டாட்டிகிட்ட சொல்லப் போறாங்க. அவ ஆமான்னு சொல்லுவா."

கிருஷ்ணம்மாள் சிரிக்கவில்லை. ஏட்டாக இருந்தவள். மேலே இருந்தவர்களோடு ஒத்துப்போகாமல் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறாள். ஆகிப்புக்கு நாற்பது வயது. வளைகுடாவில் போணியாகாமல் திரும்பி வந்து அவளிடம் ஒட்டிக்கொண்டவன். வாய் மட்டும்தான் அவன் கொண்டுவந்த சாமான்.

மண்டபப் படியில் உட்கார்ந்திருந்த லீலாவதி தலையைத் தூக்கினாள். சித்தாள் வேலை செய்து காய்த்துப் போன கைகள். அந்தக் கைகள் இரண்டும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

"அப்ப அந்தப் பூவரசன் சொல்றது நெசந்தானாக்கா? வாசல்ல நின்னா கேக்குதுதானே?"

கிருஷ்ணம்மாள் அண்ணாந்து சீலிங்கின் வெள்ளைப் பலகைகளைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். லீலாவதியின் அண்ணன் மாயவனும், புருஷன் கொளஞ்சியும் இந்த மண்டபத்தில் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள். அன்றைக்கு மண்டபத்தில் வேலைக்கு இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும். மத்தியானம் மேடையடியில் மச்சான்கள் இருவருக்கும் வாய்த்தகராறு. கொளஞ்சி கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டான். பொழுது சாயும் நேரத்தில் மாயவன் மாடி வராந்தாவிலிருந்து கீழே மொசைக் தரையில் விழுந்து செத்துக் கிடந்தான். கைப்பிடிச் சுவர் நெஞ்சு உயரம். தானாக விழ முடியாது. யாரோ தூக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

மேஸ்திரி பூவரசன் போலீசில் சாட்சி சொன்னான். "மத்தியானம் நான் வாசல்ல நின்னேன் சார். 'உன்னக் கொன்னுருவேன் மச்சான்'னு கொளஞ்சி சொன்னது காதுல விழுந்துச்சு. குடும்பச் சண்டைன்னு நான் உள்ள போகல. அன்னிக்கு மண்டபத்துக்குள்ள காலே வெக்கல. அப்படியே அரியலூருக்கு சிமெண்டு எடுக்கப் போயிட்டேன்."

கொளஞ்சியைப் பிடித்துத் திருச்சி ஜெயிலில் போட்டார்கள். திங்கட்கிழமை அரியலூர் கோர்ட்டில் பூவரசன் கூண்டில் ஏறப் போகிறான். அவன் இறங்கும்போது கொளஞ்சிக்கு ஆயுள் தண்டனை எழுதியாகிவிடும்.

இதில் கொளஞ்சியே பெரிய சிக்கல். ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கிருஷ்ணம்மாளிடம் ஒத்துக்கொண்டான். "சொன்னேந்தாங்க. ஆனா முன்னாடி பாதி இருக்கு. 'போலீசுக்குப் போனியன்னா நானே உன்னக் கொன்னுருவேன் மச்சான்'னுதான் சொன்னேன். அவன் உசுருக்குப் பயந்து சொன்னது."

அரும்பாவூரில் ஒரு கட்டடம். தளம் போட்டு கான்கிரீட் இறுகுவதற்கு முன்னால் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கச் சொன்னவன் பூவரசன். பலகையை அடுத்த வேலைக்குக் கொண்டுபோகும் அவசரம் அவனுக்கு. தளம் இறங்கியது. அடியில் நின்ற பாப்பாயி என்ற சித்தாள் நசுங்கிப் போனாள். அவளே தெரியாமல் முட்டுக்கொம்பை இடித்துவிட்டாள் என்று செத்தவள் தலையிலேயே பழியைப் போட்டார்கள். நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் மாயவன். போலீசில் சொல்லியே தீருவேன் என்று நின்றான். அதற்குத்தான் மச்சான்களுக்குள் சண்டை.

"எங்கண்ணனைத் தூக்கிட்டுப் போயி பொதைச்சாச்சு," என்றாள் லீலாவதி. "அவனைக் கொன்னவன் பொண்டாட்டின்னு ஊருல என் மூஞ்சில துப்புறாளுவ. அக்கா, அந்தப் பூவரசன் என் கண்ணு முன்னாடி அழுவணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எம்புருசன் வெளியில வரணுங்கறதுகூட அதுக்கு அப்புறந்தான்."

ஆகிப் மேடையிலிருந்து இறங்கி வந்தான். அவளிடம் வாய் கொடுக்க அவனுக்கும் தைரியம் வரவில்லை.

"வாட்ச்மேனைப் பாத்துட்டுப் போயிடலாம்," என்றாள் கிருஷ்ணம்மாள்.

வாட்ச்மேன் சாமிக்கண்ணு கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவர் முகம் சுருங்கியது.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்கம்மா. குடிச்சிருந்தியான்னு கேட்டு கன்னத்துல ஒண்ணு விட்டாரு ஒருத்தர். நான் குடிய விட்டு வருஷக்கணக்காச்சு."

"அப்படி என்ன சொன்னீங்க?"

"அன்னிக்குப் பொழுது சாயுற நேரத்துல வாசல்ல ஒக்காந்திருந்தேன், உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு. ஆளு கத்துற சத்தம். என்ன கத்துனான்னு எனக்கு வெளங்கல. கடல் எரையுற மாதிரி இருந்துச்சு. அதான் சொன்னேன். 'வாசல்ல நின்ன மேஸ்திரிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது, அதே வாசல்ல ஒக்காந்திருக்கற ஒனக்கு மட்டும் கடல் எரையுதா'ன்னு அடிச்சாரு."

"அந்த மத்தியானம் மேஸ்திரி இங்க நின்னத நீங்க பாத்தீங்களா?"

"சோறு திங்கப் போயிட்டேன்மா. பாக்கல."

கிருஷ்ணம்மாள் இருவரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து நடந்தாள். வெள்ளாற்றுக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து தெருவில் போட்டது. கொஞ்ச தூரம் போனதும் நின்றாள்.

"ஆகிப், ஒரே வாசல். ஒரே நாள். ஒருத்தனுக்கு எல்லாம் கேக்குது, ஒருத்தருக்கு ஒண்ணுமே வெளங்கல. ரெண்டுல ஒண்ணுதானே இருக்க முடியும்?"

"சாமிக்கண்ணுவுக்குக் காது மந்தமா இருக்கலாம் மேடம்."

"நீ கேட்டுக்கு உள்ள வரும்போது முணுமுணுத்தியே, 'கெழவன் தொந்திக்கும் ஸ்டூலுக்கும் பொருத்தமில்ல'ன்னு. அவரு திரும்பி உன்னை மொறைச்சாரு. காது நல்லாத்தான் இருக்கு."

ஆகிப் தலையைச் சொறிந்தான். லீலாவதி முதல் தடவையாக அவனைப் பார்த்து லேசாக உதடு விரித்தாள்.

மண்டபத்தின் சொந்தக்காரர் அப்துல் மஜீது வீட்டில் இருந்தார். ஷார்ஜாவில் உழைத்த வருஷங்களையெல்லாம் அந்த மண்டபமாக எழுப்பியவர். பழி விழுந்த மண்டபம் என்று இப்போது யாரும் அங்கே கல்யாணம் வைப்பதில்லை. ஆகிப்புக்கு அவர் தூரத்து மாமா.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமு."

"வஅலைக்குமுஸ்ஸலாம். வாடா. வாங்கம்மா, ஒக்காருங்க." லீலாவதியைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "உன் அண்ணன் மவுத்தானது என் எடத்துலம்மா. நான் தூங்கி நாளாச்சு."

அவர் மனைவி நஜீமா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கிருஷ்ணம்மாள் நேராகக் கேட்டாள்.

"பாய், மண்டபத்துல பேசுனா வாசல் வரைக்கும் நல்லாக் கேக்குமா?"

"இப்ப நல்லாக் கேக்கும்மா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நஜீமா சிரித்துவிட்டாள்.

"இப்ப! முந்தி எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்களேன். எங்க மக ஹுஸ்னா நிக்காஹ்ல நான் மாடியில நின்னு பட்ட பாடு!"

"என்ன பாடு மாமி?" என்றான் ஆகிப்.

"ஆம்பளைங்க கீழ, பொம்பளைங்க நாங்க மணப்பொண்ணோட மாடியில. கீழ ஹஜ்ரத்து மைக்கில ஓதுறாரு, மாப்பிள்ளை சம்மதம் சொல்றான், ஒண்ணும் புரியாது. அண்டாக்குள்ள தலைய விட்டு பேசுன மாதிரி குமுகுமுன்னு மேல வரும். நிக்காஹ் முடிஞ்சுதா இல்லியான்னே தெரியாது. அதுக்குத்தான் பச்சைத் துண்டு."

கிருஷ்ணம்மாளின் கையில் இருந்த கிளாஸ் பாதியில் நின்றது.

"பச்சைத் துண்டா?"

"ஆமா. கீழ மேடை ஓரத்துல ஒரு ஆளு பச்சைத் துண்டோட நிப்பாரு. மாப்பிள்ளை கபூல்னு சம்மதம் சொன்னதும் துண்டை ஆட்டுவாரு. மேல நாங்க பாத்துட்டு மணப்பொண்ணைக் கட்டிப் புடிப்போம். அந்த மண்டபம் கட்டுனதுலேருந்து அதான் வழக்கம். வேற எந்த ஊரு மண்டபத்துலயும் இப்படிக் கிடையாது."

"என் நிக்காஹ் வூட்டுலயே முடிஞ்சுது மேடம்," என்றான் ஆகிப். "எங்களுக்குத் துண்டு தேவைப்படல. அன்னிக்குக் கேட்ட சத்தம் இன்னிக்கு வரைக்கும் தெளிவாக் கேக்குது."

"இப்பத் துண்டு கிடையாதா?" கிருஷ்ணம்மாள் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

"சீலிங் போட்டதுக்கப்புறம் எதுக்கு?" என்றார் மஜீது. "மேல பாத்தீங்கள்ல, புள்ளி புள்ளியா ஓட்டை போட்ட வெள்ளைப் பலகை? அதுக்குப் பின்னால கண்ணாடிப் பஞ்சு. சத்தத்தை அது உறிஞ்சிக்கும். ஷார்ஜாவுல பெரிய ஹால்ல பாத்துட்டு வந்து, இதைப் போட்டுக் கொடுன்னு நான் ரெண்டு வருஷமா மேஸ்திரி பின்னாடி நடந்தேன். இன்னிக்கு, நாளைக்குன்னு இழுத்தடிச்சாரு. அப்புறம் அவரே வந்து ஆளுங்களைப் போட்டு ஒரே மூச்சுல முடிச்சுக் கொடுத்தாரு."

"எந்த மேஸ்திரி?"

"பூவரசன்தான்."

"எப்ப?"

மஜீது நாளை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாவது விரலிலேயே நிறுத்தினார்.

"மாயவன் மவுத்தாகி... அந்த வாரத்துலம்மா. மண்டபத்துக்குத் தீட்டுப்பட்டுப் போச்சு, புதுசா எதாவது செஞ்சாத்தான் சனம் வரும்னாரு. போலீசு வந்து வாசல்ல நின்னு சத்தம் கேக்குதான்னு சோதனை பாத்ததெல்லாம் அதுக்கப்புறந்தான்."

லீலாவதி எழுந்தாள். எழுந்தவள் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

"எங்கண்ணன் செத்த எடத்துக்கு மேல சாரம் கட்டி நின்னு பலகை மாட்டியிருக்கான்," என்றாள். "பொய்யை நெசமாக்கறதுக்கு."

நஜீமா உள்ளே போய் ஹுஸ்னாவின் கல்யாண வீடியோ கேசட்டை எடுத்து வந்து போட்டாள். துபாயில் இருந்த மாப்பிள்ளையின் அண்ணனுக்காக எடுத்தது. டிவியில் ஹஜ்ரத்தின் உதடு அசைந்தது. வந்தது வெறும் குமுறல். மாடியில் பெண்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து துண்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டு ஆடியது. மேலே ஒரே சிரிப்பு.

"மேடம், இந்த மண்டபத்துல தமிழ்கூட அரபி மாதிரிதான் கேட்டிருக்கு," என்றான் ஆகிப். உடனே அவன் நெற்றி சுருங்கியது. "ஆனா ஒண்ணு இடிக்குதே. வாசல்ல நின்னு கேட்டிருக்க முடியாது, சரி. கொளஞ்சி அதே வார்த்தையச் சொன்னதாவும் ஒத்துக்கிட்டாரு. அங்க இருந்தது ரெண்டே பேரு. ஒருத்தர் செத்தாச்சு, ஒருத்தரு ஜெயில்ல. அப்ப பூவரசனுக்கு அந்த வார்த்தை எப்படிக் கெடைச்சுது?"

கிருஷ்ணம்மாள் அவன் முதுகில் தட்டினாள். "இன்னிக்குத்தான் நீ குடிக்கிற டீக்கு வேலை செஞ்சிருக்க. அதை மண்டபத்துக்கிட்டயே கேப்போம்."

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கேசட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "ஏட்டம்மா, கல்யாண கேசட்டுல சத்தம் நல்லா இருந்து நான் பாத்ததே இல்ல. இதை வெச்சு கோர்ட்டுல என்னத்த சொல்றது? நான் என் காதால சோதிச்சுப் பாத்தேன். கேட்டுச்சு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒரு தடவை வந்து மறுபடியும் உங்க காதாலயே கேளுங்க சார். அதுக்கு மேல நான் உங்க பக்கமே வரல."

மறுநாள் விடிந்ததிலிருந்து வேலை நடந்தது. மஜீது ஒரே வார்த்தையில் சாவியைக் கொடுத்திருந்தார். "கழட்டுங்கம்மா. ஒண்ணுகூட விடாதீங்க."

மாயவனோடு வேலை பார்த்தவர்கள் வந்திருந்தார்கள். கூலி பேசவில்லை. பாப்பாயியின் புருஷனும் வந்திருந்தான். சக்கரம் வைத்த சாரத்தை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தி, மேலே ஏறி, பலகையை உள்ளங்கையால் மேல்நோக்கித் தள்ளி, சாய்த்து, சட்டத்துக்குள்ளிருந்து உருவி எடுத்துக் கீழே கொடுத்தார்கள். ஆணி கிடையாது. அலுமினியச் சட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பலகைதான். மாட்டியவனைவிடக் கழற்றுபவனுக்குச் சுலபம்.

லீலாவதி யாரையும் கேட்காமல் சாரத்தில் ஏறினாள்.

"நீ கீழ நின்னு வாங்கிக்கம்மா," என்றான் ஆகிப்.

"அவன் கையால மாட்டுனது. எங்கையால புடுங்குறேன்."

கண்ணாடிப் பஞ்சு உதிர்ந்து அவள் கை, கழுத்து எல்லாம் தடித்துச் சிவந்தது. சொறியக்கூட அவள் நிற்கவில்லை. பலகை போகப் போக மண்டபத்தின் குரல் மாறிக்கொண்டே வந்தது. காலையில் பேச்சாக இருந்தது, மத்தியானத்தில் முனகலாகி, கடைசி வரிசை இறங்கியபோது ஒரு சுத்தியல் விழுந்த சத்தம் சுவருக்குச் சுவர் உருண்டு அடங்கவே மாட்டேன் என்றது. எல்லாப் பலகையையும் பஞ்சையும் வெளியே கொட்டகையில் போட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கொஞ்ச நேரத்தில் பூவரசனும் வந்தான். சீலிங்கில் கோளாறு என்று மஜீது ஆள் அனுப்பியிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் செல்போன். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கு மொட்டைத் தளம் தெரிந்தது. அவன் கை தானாக வேட்டியை இறுக்கியது.

"ஆகிப்," என்றாள் கிருஷ்ணம்மாள், "மேடையில போயி நின்னு கொளஞ்சி சொன்னதச் சொல்லு. மனசுக்குத் தோணுற வார்த்தையையும் கூடச் சேத்துக்க. சார் வாசல்ல நிக்கட்டும்."

ஆகிப் கத்தினான். வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் காதைத் திருப்பினார். வந்தது இடி போன்ற ஒரு உருட்டல்.

"என்ன சொன்னான்?" கிருஷ்ணம்மாள் கேட்டாள்.

"வெளங்கல."

"நடந்துகிட்டே போங்க சார். எங்க வெளங்குதோ அங்க நில்லுங்க."

இன்ஸ்பெக்டர் நடந்தார். ஆகிப் விடாமல் கத்திக்கொண்டே இருந்தான். நடு மண்டபம் தாண்டியது. விளங்கவில்லை. முதல் வரிசை நாற்காலி போடும் இடம் தாண்டியது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வார்த்தை. மேடையைச் சுற்றிப் போய்ப் பின்திரைக்குப் பின்னால் நின்றபோதுதான் அவர் கையைத் தூக்கினார்.

"கேக்குது. கொளஞ்சி வார்த்தையும் கேக்குது, இன்ஸ்பெக்டருக்கு நல்ல காது டாக்டர் வேணும்னு இவன் சொல்றதும் கேக்குது."

"மேடந்தான் மனசுக்குத் தோணுறதச் சொல்லச் சொன்னாங்க சார்," என்றான் ஆகிப்.

கிருஷ்ணம்மாள் திரையை விலக்கினாள். பின்னால் ஆற்றுப் பக்கம் திறக்கும் ஒரு கதவு. அதற்குப் பக்கத்திலேயே மாடி வராந்தாவுக்குப் போகும் படிக்கட்டு.

"சார், நேத்து கேசட்டைப் பாத்ததும் பூவரசன் கேட்டதாச் சொன்னதே பொய்யுன்னு நாங்க நெனச்சோம். தப்பு. அவன் கேட்டது நெசம். நின்ன எடந்தான் பொய். கொளஞ்சி சொன்ன வார்த்தை அவனுக்குச் சுத்தமாத் தெரியும்னா, அன்னிக்கு இந்த மண்டபத்துல அவன் நின்னிருக்கக்கூடிய எடம் இது ஒண்ணுதான். இந்தக் கதவுச் சாவி மேஸ்திரிகிட்டதான் இருக்கும்னு பாய் சொன்னாரு. மண்டபத்துக்குள்ள காலே வெக்கலைன்னு எழுதிக் கொடுத்தவன், திரைக்குப் பின்னால எதுக்கு நின்னான்? பாதி வார்த்தை கேட்டவனுக்கு மீதிப் பாதியும் கேட்டிருக்கணும். 'போலீசுக்குப் போனியன்னா'. அதைக் கேட்டுட்டு இந்தப் படியில ஏறி, பொழுது சாயுற வரைக்கும் காத்திருந்தான். அப்புறம் சீலிங் போட்டு மண்டபத்தோட வாயைக் கட்டுனான்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். வாசலில் பூவரசன் இல்லை. அவன் நடு மண்டபத்துக்கு வந்திருந்தான். வெளியே ஓட வழியில்லை. வாசலை அடைத்துக்கொண்டு மாயவனின் ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் லீலாவதி.

அவன் கத்தினான். கையை ஆட்டி, மார்பில் அடித்து, வாய் கோணக் கத்தினான். மண்டபம் அவன் வார்த்தையை எடுத்து மென்று சுவரெல்லாம் துப்பியது. இன்ஸ்பெக்டர் விடுவிடென்று அவனருகில் போய், கிட்டத்தட்ட அவன் வாயில் காதை வைத்தார்.

"வேணும்னு தள்ளலை சார்! போலீசுக்குப் போகாதடான்னு கெஞ்சினேன், கேக்கல, கை மீறிப் போச்சு... அவகிட்ட சொல்லுங்க சார், வேணும்னு தள்ளலைன்னு!"

இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பிடித்தார். பூவரசன் திமிறிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான். லீலாவதியைப் பார்த்து இன்னும் பெரிதாகக் கத்தினான். இப்போது அழுதான். கண்ணீர் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. வாசல் ஓரத்தில் ஸ்டூலை விட்டு எழுந்து நின்ற சாமிக்கண்ணு கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இதே சத்தந்தான்," என்றார். "அன்னிக்கு மாயவனும் இதே மாதிரிதான்."

லீலாவதி நிலைப்படியை விட்டு ஒரு அடிகூட உள்ளே வரவில்லை. தடித்துச் சிவந்த கையைக் காதோரம் குவித்துப் பிடித்துக்கொண்டாள். கடல் மாதிரி இரைச்சல் மட்டும் அவள்மேல் வந்து மோதியது.

"கேக்கல," என்றாள். "இன்னும் சத்தமாக் கத்து."